ஐயமும் நற்காட்சியும்: அறிவியலறிஞர் தௌலத் சிங் கோத்தாரி

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நம் இல்லத்துக் குழந்தைகளும் அறிவர். நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பதையும், அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது ஐயமின்மை என்பதையும் அருங்கலச்செப்பு ஓதியோர் அறிவர். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், அறிவியல் பிரிவில் பயின்ற நம் சமூகத்து மாணவன் ஒருவன் என்னிடம் வந்து ஒரு வினா எழுப்பினான். ஆய்வுக்கூடத்தில் எதையும் ஐயுற்றுச் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்கிறார்கள். ஜினாலயத்திலோ ஐயம் கூடாது என்கிறார்கள். இவ்விரண்டில் எதைத் தான் பின்பற்றுவது என்று கேட்டான். தமிழாசிரியராகிய நான் அன்று அவனுக்கு ஏதோ சொல்லி அனுப்பினேன். அது விடையாகாது என்பதை அவனும் அறிந்திருப்பான், நானும் அறிவேன்.

பல ஆண்டுகள் கழித்து, இயற்பியலறிஞர் தௌலத் சிங் கோத்தாரியின் வாழ்க்கையைப் படித்தபோது அம்மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அதே வினாவோடு எண்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஜைனர் ஒருவரை அங்கே கண்டேன். ஆசிரியர்களுக்கு அவர் பெயர் புதியதன்று; கோத்தாரி கல்விக்குழு என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத ஆசிரியர் இரார். ஆயினும் அக்குழுவின் தலைவர் விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் என்பதும், அருகன் அறத்தில் ஊன்றி நின்றவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாதவை.

மேவார் சமஸ்தானத்தின் தலைநகராகிய உதயப்பூரில், 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ஒரு ஜைனக் குடும்பத்தில் கோத்தாரி பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த சிறுவன், உதயப்பூரிலும் இந்தோரிலும் பள்ளிக் கல்வியை முடித்து, மேற்படிப்புக்காக அலகாபாத் பல்கலைக்கழகத்தை அடைந்தான். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் மேகநாத சாகா.

சாகாவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். விண்மீன்களின் பெருவெப்பத்தில் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகும் முறையை 1920இல் ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டி உலகப் புகழ் பெற்றவர் அவர். மதநம்பிக்கை அற்றவர். புதிய கண்டுபிடிப்பு எதுவாயினும் அது வேதத்தில் முன்னரே உள்ளது என்று சொல்லித் திரிவோரை 1939இல் வங்க மொழிக் கட்டுரை ஒன்றில் கடுமையாக எள்ளி நகையாடியவர். அத்தகைய ஆசிரியரிடம், குடும்ப அறத்தை நெஞ்சில் சுமந்த ஜைன மாணவன் இயற்பியல் கற்றான். ஆசிரியரின் ஆய்வு முறையை முழுமையாக ஏற்றான். ஆசிரியரின் மதமறுப்பை ஏற்கவில்லை. குருவிடம் எதைக் கொள்வது, எதை விடுவது என்று பகுத்தறியும் இந்த ஆற்றலே அவர் வாழ்வு முழுவதும் தொடர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1928இல் முதுகலைப் பட்டம் பெற்றபின், கோத்தாரி கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அதன் தலைவர் அணுக்கருவைக் கண்டறிந்த ரதர்போர்டு. கோத்தாரி அங்கிருந்த காலம் இயற்பியல் வரலாற்றின் பொற்காலம். 1932ஆம் ஆண்டில் மட்டும், அந்த ஒரே கூடத்தில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். காக்கிராஃப்ட், வால்ட்டன் என்னும் இருவர் லித்தியத்தின் அணுக்கருவைச் செயற்கை முறையில் பிளந்தனர். பிளக்கவொண்ணாதது என்று பொருள்படும் பெயரையே தாங்கிய அணு, கோத்தாரி உலவிய அதே கட்டடத்தில் பிளவுண்டது.

இங்கே நம்மவர்க்கு ஒரு சொல். அணுவை நம் ஆசாரியர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று விழா மேடைகளில் முழங்குவது நம் வழக்கமாகிவிட்டது. புற்கலத்தின் கடைசி நுண்கூறாகிய பரமாணு பகுக்க முடியாதது என்பதே ஆகமத்தின் இலக்கணம். ஆய்வுக்கூடத்தில் பிளந்த அணு, அந்த இலக்கணப்படியே பரமாணு ஆகாது. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு பொருளும் ஒன்றெனக் கருதுவது அறிவியலுக்கும் ஊறு, ஆகமத்துக்கும் ஊறு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் மயக்கமின்மையும் ஒன்று என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் மற்றோர் இந்திய இளைஞரும் இருந்தார். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். இருவரும் வெண்குள்ளன் எனப்படும் முதிர்ந்த விண்மீன்களை ஆராய்ந்தனர். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய இவ்விண்மீன்களில் ஒரு தேக்கரண்டிப் பொருளே பல டன் எடை இருக்கும். சந்திரசேகர் கடவுள் நம்பிக்கை அற்றவராகவே வாழ்ந்தார். கோத்தாரி அற நம்பிக்கையோடு வாழ்ந்தார். ஒரே வகை விண்மீனை ஒரே வகைக் கணக்கால் அளந்த இருவர் இவர்கள். கணக்கில் இருவருக்கும் நம்பிக்கை இடையூறாகவும் இல்லை, துணையாகவும் இல்லை. சமன்பாட்டுக்குள் சமயம் நுழையாது என்பதைக் கோத்தாரி என்றும் மறந்ததில்லை.

1934இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கோத்தாரி, அங்கே இயற்பியல் துறையை வளர்த்தெடுத்தார். அவருடைய தலைசிறந்த ஆய்வு இக்காலத்தில் உருவானதே. அணுக்கள் அயனியாவதற்கு வெப்பம் வேண்டும் என்றது சாகாவின் கோட்பாடு. வெப்பமே இல்லாவிடினும், பேரழுத்தம் ஒன்றினாலேயே அணுக்கள் நெருக்குண்டு எலக்ட்ரான்களை இழக்கும் என்று மாணவர் காட்டினார். 1938இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இக்கோட்பாடு விரிவாக வந்தது. இதன் பயன் வியப்புக்குரியது. குளிர்ந்த பொருளாலான ஒரு கோளின் மீது மேலும் மேலும் பொருளைக் கொட்டிக்கொண்டே போனால் அது பருத்துக்கொண்டே போகும் என்றுதானே நினைப்போம்? ஓர் எல்லைவரை அப்படித்தான். அந்த எல்லையைத் தாண்டினால், அழுத்தம் மிகுந்து அணுக்கள் நொறுங்கி, கோள் சுருங்கத் தொடங்கும். அந்த எல்லை ஏறத்தாழ வியாழனின் பருமன் என்று கோத்தாரி கணக்கிட்டார். நம் ஞாயிற்றுக் குடும்பத்தின் மிகப் பெரிய கோள், ஒரு குளிர்ந்த கோள் அடையக்கூடிய உச்சப் பருமனை ஒட்டியே இருக்கிறது.

இதுவரை சொன்னதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. விண்மீனை அளப்பவர் கொல்லாமை விரதத்தோடு வாழ்வதில் யாருக்கு என்ன தடை? சிக்கல் 1948இல் தொடங்குகிறது. அவ்வாண்டு கோத்தாரி இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். 1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். பாதுகாப்பு அறிவியல் அமைப்பு அவர் கையில் வளர்ந்தது. இன்றைய பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனமாக 1958இல் அது உருப்பெற்றபோதும் அறிவியல் ஆலோசகர் அவரே. காந்தியடிகள் சுடப்பட்ட அதே ஆண்டில், அஹிம்சையே உயர்ந்த அறம் என்று கற்று வளர்ந்தவர் படைத்துறைக்கு அறிவுரை கூற அமர்ந்தார்.

இதை நான் எளிதில் கடந்து போக விரும்பவில்லை. நம்மில் சிலர் இதைப் பெருமையாகவே சொல்வர். வேறு சிலர் இதைச் சொல்லாமல் விடுவர். இரண்டும் முறையாகா. சிராவக தர்மம் ஹிம்சையை நான்காகப் பகுக்கிறது. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன் நாட்டையும் தீயோரிடமிருந்து காக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. துறவி நான்கையும் விடுவார். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விட்டு, ஏனைய மூன்றையும் இயன்றவரை சுருக்கிக்கொள்ள வேண்டும். மைசூர்ப் பகுதியில் கங்க மன்னர்க்குப் படைத்தலைவராயிருந்த சாமுண்டராயர்தாம் சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவினார் என்பது நமக்குத் தெரிந்த செய்தி. ஆதலின் நாட்டைக் காக்கும் பணியில் ஒரு ஜைனர் அமர்வது ஆகமத்துக்குப் புறம்பன்று.

ஆனால் அணுகுண்டு வந்தபின் இந்தப் பகுப்பு போதுமா? கோத்தாரியின் வாழ்வில் இந்த வினா எழுந்த தருணம் 1954. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் பசிபிக் பெருங்கடலில் பிகினித் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா நீரகக்குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தடைசெய்த எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெண்சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிரியக்க நோய்க்கு ஆளாயினர். சில மாதங்களில் அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த மாதமே பிரதமர் நேரு, இத்தகைய சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார்.

அணுவெடிப்பின் விளைவுகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுதும்படி நேரு கோத்தாரியிடம் கேட்டார். அதன் விளைவாக 1956இல், அணுவெடிப்புகளும் அவற்றின் விளைவுகளும் என்னும் பொருளில் ஆங்கில நூல் ஒன்றை மைய அரசின் வெளியீட்டுப் பிரிவு வெளியிட்டது. நேருவே முன்னுரை எழுதினார். வல்லரசுகள் இவ்விவரங்களை மறைத்தும் குறைத்தும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1958இல் இரண்டாம் பதிப்பும் வந்தது.

அந்நூல் அறவுரை நூலன்று, அளவைகளின் நூல். வெடிப்பின் அதிர்ச்சி அலை எவ்வளவு தொலைவு செல்லும், வெப்பம் எதையெல்லாம் எரிக்கும், வானில் எழுந்த கதிரியக்கத் தூசு எங்கே படியும், தலைமுறை தலைமுறையாக உயிரணுக்களில் என்ன நேரும் என்பவை அதன் பொருள். இவற்றுள் ஸ்ட்ரான்சியம்–90 என்னும் கதிரியக்கப் பொருளின் வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெடித்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அது மழையோடு புல்லில் படிகிறது. புல்லை மேயும் பசுவின் பாலில் கலக்கிறது. சுண்ணாம்புச் சத்தை ஒத்த தன்மையால் குழந்தையின் எலும்பில் சென்று தங்குகிறது. அங்கே அதன் வீரியம் பாதியாகக் குறையவே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதைப் படிக்கும் ஜைனர் எவரும், நால்வகை ஹிம்சையில் இது எதில் அடங்கும் என்று கேளாமல் இரார். பகைவனை எதிர்த்த செயல் என்றால், பால் குடித்த குழந்தை யாருக்குப் பகை? இன்னும் பிறவாத உயிர் யாருக்குப் பகை? விரோத ஹிம்சை என்று இல்லறத்தார்க்கு விட்டுக்கொடுத்த இடம், எதிரியோடு நின்றுவிடும் படைக்கலத்துக்கு மட்டுமே பொருந்தும். எல்லையின்றிப் பரவும் படைக்கலத்துக்கு அந்த இடத்தில் புகலில்லை. இது நான் கொண்ட முடிவு. கோத்தாரியின் வாய்மொழியாக இதைச் சொல்லவில்லை. ஆனால் படைத்துறையின் ஆலோசகர் ஒருவர், படைக்கலத்தின் திறத்தைப் புகழாமல் அதனால் உயிர்களுக்கு நேரும் கேட்டை ஒவ்வொன்றாக அளந்து உலகின் முன் வைத்தார் என்பது வரலாறு. அதே 1956இல், கதிரியக்கத்தால் உடலுக்கு நேரும் தீங்குகளை ஆராயத் தில்லியிலிருந்த பாதுகாப்பு அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. அணு மருத்துவத்துக்கான நிறுவனமாகப் பின்னர் வளர்ந்தது அச்சிறு பிரிவுதான். வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963இல் கையெழுத்தானது.

இவ்வளவும் சொன்ன பிறகும், படைத்துறையில் பதின்மூன்றாண்டு என்பது என் மனத்தில் முழுதும் செரிக்கவில்லை. அவருக்கும் செரித்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பதவியை விட்டு விலகித் தூய்மை காப்பது ஒரு வழி. உள்ளே இருந்து தீங்கின் அளவைச் சொல்வது மற்றொரு வழி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

1961இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். 1973 வரை அப்பணி தொடர்ந்தது. இடையே, 1964இல் அமைந்த கல்விக்குழுவுக்கும் தலைவராகி, 1966ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அறிக்கையை அளித்தார். பத்தாண்டுப் பொதுக்கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டக் கல்வி என்னும் அமைப்பு அதன் வழி வந்தது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது முதல் அணியில் அமர்ந்தவர்களுள் நானும் உண்டு. அன்று எங்களுக்குக் கோத்தாரியைத் தெரியாது. அவர் வகுத்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் தெரியாது.

அவ்வறிக்கையில் ஒரு பகுதி நமக்கு உரியது. முதல் பத்தாண்டுக் கல்வியில் எல்லா மாணவர்க்கும் அறிவியல் கட்டாயம் என்று பரிந்துரைத்த அதே குழு, அற, ஆன்மிக விழுமியங்களையும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்றது. நாட்டின் எதிர்காலத்துக்கு அறிவியலும் அஹிம்சையும் இணைந்து நிற்க வேண்டும் என்னும் கருத்து அதில் வெளிப்படையாக இடம்பெற்றது. அரசின் கல்வி அறிக்கை ஒன்றில் அஹிம்சை என்னும் சொல் அறிவியலின் பக்கத்தில் அமர்ந்ததற்குத் தலைவர் யார் என்பது காரணமன்று என்று என்னால் நம்ப இயலவில்லை. அறிவியல் ஆற்றலைத் தரும். அந்த ஆற்றலை எதற்குப் பயன்படுத்தலாகாது என்பதை அறிவியலே சொல்லாது. நீரகக்குண்டின் விளைவுகளை அளந்தவருக்கு இது ஏட்டளவில் நிற்கும் கருத்தாக இருந்திராது.

இன்னொன்றையும் தமிழர் நினைவில் கொள்ளல் தகும். மைய அரசின் குடிமைப் பணித் தேர்வுகளைச் சீரமைக்க 1974இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் பரிந்துரைகள் 1979 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆட்சிப் பணித் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு அதனால் நமக்குக் கிட்டியது.

பதவிகளிலிருந்து விலகிய முதுமையில் கோத்தாரி தம் இளமையின் வினாவுக்குத் திரும்பினார். மேகநாத சாகாவின் பெயரால் அமைந்த விருதுச் சொற்பொழிவை ஆற்ற அழைத்தபோது, அணுவும் ஆன்மாவும் என்பதையே பொருளாகக் கொண்டார். மதநம்பிக்கையற்ற ஆசிரியரின் பெயரால் நிகழ்ந்த பொழிவில் மாணவர் ஆன்மாவைப் பற்றிப் பேசினார். இதில் துளியும் அவமதிப்பு இல்லை. ஆசிரியர் கற்பித்த இயற்பியலின் விளிம்பு வரை சென்று, அங்கிருந்து எட்டிப் பார்த்தவரின் பேச்சு அது.

நீல்ஸ் போர் என்னும் டென்மார்க்கு அறிஞரின் நூற்றாண்டையொட்டி 1985இல் எழுதிய கட்டுரையில் அவர் ஸ்யாத்வாதத்தை எடுத்துக்கொண்டார். ஒளி சில சோதனைகளில் அலையாகவும் வேறு சில சோதனைகளில் துகளாகவும் தோன்றும். இரு தோற்றங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோல் இருந்தும், முழுமைக்கு இரண்டும் வேண்டும் என்பது போர் 1927இல் வகுத்த கொள்கை. இதை விளக்கக் கோத்தாரி ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கையாண்டார். நடுவே தடுப்பும், தடுப்பில் ஒரு சிறு துளையும் உள்ள பெட்டியில் ஒரு நுண்துகள் இருக்கிறது. அது இடப்பக்க அறையில் இருக்கிறதா? சோதித்தால் சில வேளை அங்கே அகப்படும். சில வேளை வலப்பக்கத்தில் அகப்படும். சோதிக்குமுன் அது எங்கே இருந்தது என்று கேட்டால், இடப்பக்கம் எனலாகாது, வலப்பக்கம் எனலாகாது, துகள் பாதியாகப் பிரியாது ஆதலின் இரண்டிலும் பாதி பாதி எனலாகாது, இரண்டிலும் இல்லை எனவும் ஆகாது. வழக்கமான உண்டு, இல்லை என்னும் சொற்கள் அங்கே தோற்றுப் போகின்றன. ஒருவாற்றான் உண்டு, ஒருவாற்றான் இல்லை என்று தொடங்கும் ஸப்தபங்கியில், சொல்லொணாதது என்னும் அவக்தவ்யமும் தனி நிலையாகவே இடம்பெற்றிருப்பதை நினைவிற் கொள்க. இத்தகைய நிலையைத் தருக்க முறையில் பேசுவதற்கு ஸ்யாத்வாதத்தில் இடமுண்டு என்பதே அவர் காட்டியது.

மகாவீரர் குவாண்டம் இயற்பியலை அருளிச்செய்தார் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. ஆகமம் சமன்பாட்டைத் தரவில்லை. பெட்டியும் துகளும் ஆகமத்தில் இல்லை. ஒரு பொருளைப் பற்றி எந்த நிலையில் நின்று பேசுகிறோம் என்பதை மறவாமல் பேசும் பயிற்சியைத்தான் நம் முன்னோர் தந்தனர். அப்பயிற்சி பெற்ற மனம், இயற்கை புதிரான முகம் காட்டும்போது திகைத்து ஓடாது. நீலகேசியில் அத்தி, நாத்தி என்று நம் முன்னோர் நிகழ்த்திய வாதங்களை 1936இல் அரும்பாடுபட்டு அச்சேற்றினார் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். அதே பத்தாண்டில் தில்லியில் கோத்தாரி வெண்குள்ளன்களின் அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று.

அம்மாணவனின் வினாவுக்கு வருகிறேன். ஐயமின்மை என்பது, எதையும் ஆராயாதே என்னும் கட்டளையாக இருந்தால், அநேகாந்தத்துக்கு நம் சமயத்தில் இடமே இருந்திராது. உயிர் உண்டு, அது வினைப்பயனை நுகரும், பிற உயிர்க்கு இழைக்கும் தீங்கு தனக்கே தீங்கு என்னும் அடிப்படையில் ஐயமின்மை; உலகப் பொருள்களின் இயல்பைப் பற்றிய நம் கூற்றுகள் ஒவ்வொன்றிலும், இது ஒருவாற்றான் மட்டுமே உண்மை என்னும் எச்சரிக்கை. கோத்தாரியின் வாழ்வில் இவை இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. இப்படி நான் அன்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது அவன் எங்கோ பொறியாளராக இருக்கிறான். இம்மலர் அவன் இல்லத்துக்கும் போகும்.

1962இல் பத்ம பூஷண் விருதும் 1973இல் பத்ம விபூஷண் விருதும் பெற்ற கோத்தாரி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஜெய்ப்பூரில் அவர் உயிர் நீத்தார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்க்கு மானியக் குழு வழங்கிய உதவித்தொகை ஒன்று அவர் பெயரால் அமைந்தது. தில்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் தலைமையகத்தின் அரங்கமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.